மைக்கில் சொன்ன பேர்

ராஜபாளையம்
18.9.2024

அண்ணனுக்கு,

செல்லத்தாய் எழுதுவது. போனில் உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். லைன் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரனிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம். பேசினால் நான் அழுவேன், இல்லாவிட்டால் கத்துவேன். இரண்டுமே உங்களுக்குத்தான் லாபம். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சபை மண்டபத்தில் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரெனிட்டா லெப்டினன்ட் ஆனதற்கு ஸ்தோத்திரக் கூட்டம். போதகர் ஜெபம் செய்து முடித்ததும், தாய்மாமன், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று உங்கள் கையில் மைக்கைக் கொடுத்தார். நானும் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"எங்க பட்டாளத்துல புதுசா வார லெப்டினன்ட்ட பால்பல்லுன்னுதான் சொல்வோம். விழுந்து முளைச்சாத்தான் கடிக்க முடியும். இன்னைக்கு எங்க வீட்டுக்கும் ஒரு பால்பல்லு வந்திருக்கு."

மண்டபமே சிரித்தது. ரெனிட்டாவும் சிரித்தாள், யூனிபாரத்தில் நின்றுகொண்டு வேறு என்ன செய்வாள். பிறகு வாலிபர் கூட்டம் "மாமா, சல்யூட் அடிங்க" என்று கத்தியது. நீங்கள் கையை இரண்டு பக்கமும் ஒட்டவைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றீர்கள். பட்டாளத்தில் அத்தனை வருஷம் சல்யூட் அடித்த கை, தங்கச்சி மகளுக்கு அடிக்க மட்டும் வலிக்கிறது என்று ஊர் பேசுகிறது. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அன்று சாயங்காலமே சபை வாட்ஸப் குரூப்பில் அவள் போட்டோவுக்குக் கீழே ஒரு பல்லை வரைந்து போட்டுவிட்டார்கள். நேற்று மாவு வாங்கப் போனால் காளீஸ்வரி கேட்கிறாள், "ஏட்டி செல்லத்தாயி, பால்பல்லு எப்ப கெளம்புது?"

அவள் அப்பா போன பிறகு நைட்டி தைக்கிற யூனிட்டில் மிஷின் மிதித்துத்தான் அவளைப் படிக்க வைத்தேன். சென்னையில் பயிற்சி முடிந்த அன்று அவள் தோளில் ஒரு பக்கம் நானும், அப்பா இடத்தில் நின்று மறுபக்கம் நீங்களும் நட்சத்திரம் குத்தினோம். குத்திய சூடு ஆறுவதற்குள் இப்படிச் செய்துவிட்டீர்கள்.

எனக்கு வருத்தத்தைவிடப் பயம்தான் அதிகம். அவள் போய் நிற்கிற இடத்தில் அவளைவிட வயசான ஆம்பளைகள் அவள் சொன்னால் எழுந்து நடக்க வேண்டும். பேரைச் சொல்லிச் சிரிக்கிறவன் சொன்னதைக் கேட்பானா? அவன் கேட்காமல் போய் அவள் உயிருக்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு?

அதே மண்டபத்தில், அதே மைக்கில், சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். அதுவரை என் வீட்டு வாசல் மிதிக்க வேண்டாம்.

செல்லத்தாய்


மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்
22.9.2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி செல்லத்தாய்க்கு,

அண்ணன் எலியேசர் எழுதுவது. நானும் உன் மதினியும் நலம். உன் கடிதம் கிடைத்தது. பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்திருக்கும், தபாலில் போட்டாய், எங்கெங்கோ சுற்றி வந்து சேர்ந்தது. எங்கள் தெருவிலிருந்து யோகேஸ்வரி தினமும் உன் யூனிட்டுக்கு வேலைக்கு வருகிறாளே, அவளிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்க மாட்டாய் என்று தெரியும்.

பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். இந்தக் கடிதம் முழுக்க நீங்கள், நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். பால்பல் என்பது மரியாதைக் குறைவு என்று சொல்கிற நீ, மரியாதையாலேயே என்னை அடித்திருக்கிறாய். அதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன்.

சல்யூட் விஷயம். தலையில் தொப்பி இல்லாமல் சல்யூட் அடிப்பது எங்கள் பட்டாளத்தில் கிடையாது. வெறுந்தலையாக இருந்தால் விறைப்பாக நிற்க வேண்டும், கை பக்கத்தில், பார்வை நேரே. நான் வேட்டி சட்டையில் வெறுந்தலையாக இருந்தேன். நீ மரம் என்று சொன்னாயே, அந்த நிலைக்குப் பட்டாளத்து இந்தியில் 'சாவ்தான்' என்று பேர். என்னிடம் இருந்த முழு மரியாதையும் அதுதான். சினிமாவில் வருகிற மாதிரி அடித்திருந்தால் மண்டபம் கை தட்டியிருக்கும், ரெனிட்டா ஒருத்திக்கு மட்டும் அது தப்பு என்று தெரிந்திருக்கும். அவளைக் கேட்டுப் பார்.

பேர் விஷயம். பட்டாளத்தில் புது ஆபீசருக்குப் பேர் வைப்பது அவரை மட்டம் தட்ட இல்லை. எங்கள் கம்பெனிக்கு வந்த ஒரு லெப்டினன்ட் முதல் நாள் மழையில் குடை பிடித்துக்கொண்டு பரேடு மைதானத்துக்கு வந்தார். அன்றிலிருந்து அவர் பேர் குடை. மேஜர் ஆன பிறகும் குடைதான். அவர் மாற்றலாகிப் போன அன்று பையன்கள் ஜீப்பை எஞ்சின் போட விடாமல் கேட் வரைக்கும் கையாலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னொருவர் இருந்தார், கேப்டன். அவருக்கு யாரும் எந்தப் பேரும் வைக்கவில்லை. மரியாதையாக சாப் என்றால் சாப். சல்யூட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் போன அன்று கேட் பக்கம் ஒரு ஆள் இல்லை.

பேர் வைக்காத ஆபீசரைப் பற்றித்தான் நீ பயப்பட வேண்டும். ரெனிட்டா என்ற பேரையே ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திச் சொன்னவன் நான். இரண்டாவது பேர் வைக்க எனக்கு உரிமை இல்லையா?

மைக்கில் தப்பு என்று சொல்ல மாட்டேன். தப்பில்லாததைத் தப்பு என்று சொன்னால் அது பொய்.

அன்புள்ள அண்ணன்,
சு. எலியேசர்
சுபேதார் (ஓய்வு)


ராஜபாளையம்
26.9.2024

அண்ணனுக்கு,

ரெனிட்டாவிடம் கேட்டேன். சல்யூட் விஷயத்தில் மாமா செய்தது சரி என்றாள். அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றதைக் கேட்டால் "எனக்குத் தெரியாது, நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கோங்க" என்று பெட்டியில் துணி அடுக்குகிறாள்.

குடை கதை நன்றாக இருந்தது. ஒரு கேள்வி. குடை என்று அவர் முகத்துக்கு நேராக ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா? அவர் அம்மா முன்னால்? மைக்கில்? முதுகுக்குப் பின்னால் பாசமாக இருக்கிறது முகத்துக்கு முன்னாலும் பாசமாகவே இருக்குமா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தலைமையாசிரியர் மகன் மெர்வின் லெப்டினன்ட் ஆனான். இதே மண்டபம், இதே கூட்டம், இதே மைக். நீங்கள்தான் பேசினீர்கள். அவனை "மெர்வின் சாப்" என்றீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் ஒரு நாள் ரெனிட்டாவை இப்படிச் சொல்வீர்கள் என்று அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அவன் மட்டும் பல் விழுந்து முளைத்தேதான் பிறந்தானா? தலைமையாசிரியர் மகனுக்கு சாப், நைட்டி தைக்கிறவள் மகளுக்குப் பால்பல். ஆம்பளைக்கு சாப், பொம்பளைக்குப் பால்பல். இதில் எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் எதைச் சொன்னாலும் எனக்கே பிடிக்கவில்லை.

செல்லத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.9.2024

தங்கச்சிக்கு,

மெர்வின் விஷயத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். உன் மதினியிடம் வாசித்துக் காட்டினேன். "அவ கேக்கது நியாயந்தான" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம்.

எனக்குத் தெரிந்த பதில் இது. மெர்வின் ஊரார் பிள்ளை. ஊரார் பிள்ளைக்குத்தான் சாப் போட்டுப் பேசுவோம். ரெனிட்டா என் பிள்ளை, அந்த உரிமையில் வாயில் வந்தது. இதை எழுதி முடித்ததும் உண்மை மாதிரிதான் இருந்தது. ஆனால் பெண்பிள்ளை என்பதால் வந்ததா என்று நீ கேட்டிருக்கிறாய். இல்லை என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. என் காலத்தில் பெண் ஆபீசருக்குக் கீழே நான் நின்றதில்லை. அதனால் எனக்கே தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத முடியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. நீ அந்த யூனிட்டில் சூப்பர்வைசர். உனக்கு அங்கே என்ன பேர் என்று உனக்குத் தெரியுமா? ஒரு தையல் கோணினாலும் "பிரிச்சுத் தையி" என்று சொல்வாயாம். அதனால் பிள்ளைகள் உன்னைப் பிரிச்சுத்தையி அக்கா என்கிறார்களாம். யோகேஸ்வரி எங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்தாள். சிரித்த கையோடு, "அந்த அக்கா இல்லன்னா நாங்க அம்புட்டு பேரும் எப்பவோ வேலைய விட்ருப்போம்" என்றும் சொன்னாள். அந்தப் பிள்ளை உன்னை மட்டம் தட்டினாளா?

ரெனிட்டா எந்தத் தேதியில் கிளம்புகிறாள்? யாரும் சொல்லவில்லை.

எலியேசர்


ராஜபாளையம்
2.10.2024

அண்ணனுக்கு,

தெரியும். யோகேஸ்வரி வேலைக்குச் சேருவதற்கு முன்னாலிருந்தே தெரியும். நான் பாத்ரூமில் இருக்கிறேன் என்று தெரியாமல் பேசினார்கள். கேட்டுவிட்டு, தண்ணீரைச் சத்தமாகத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன், அவர்கள் கலைந்து போகட்டும் என்று. இன்று வரை தெரியாத மாதிரிதான் இருக்கிறேன். அவர்களும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நன்றாக வேலை செய்கிறார்கள்.

ஆனால் முதலாளி வந்து நிற்கும்போது யாராவது மைக்கைப் பிடித்து அந்தப் பேரைச் சொன்னால், மறுநாள் நான் வேலைக்குப் போக மாட்டேன். சொன்னவள் என்னைப் பெற்ற தாயாகவே இருந்தாலும் போக மாட்டேன். நான் சொல்வது உங்களுக்கு இப்போதாவது புரிகிறதா?

சனிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் கிளம்புகிறாள். நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம், நான் சொன்னதில் மாற்றம் இல்லை. ராஜபாளையத்தை விட்டால் அந்த ரயில் அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

செல்லத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கோச் நம்பர் நீ எழுதவில்லை. பரவாயில்லை, அவளே கதவுப் பக்கம் வந்து நின்றாள்.

பிளேசரைப் போட்டு, மெடல்களைக் குத்தி, பட்டாளத் தொப்பியையும் வைத்துக்கொண்டு போயிருந்தேன். பிளாட்பாரத்தில் டீ விற்கிறவன் யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்றான். ரயில் நின்றது. அவள் சுடிதாரில், தலைமுடியை விரித்துப் போட்டு, கையில் நீ கட்டிக் கொடுத்த இட்லிப் பொட்டலத்தோடு நின்றாள். வாயிலும் இட்லி. நான் சல்யூட் அடித்தேன். வெறுந்தலையோடு இருக்கிறவள் திரும்ப அடிக்கக் கூடாது. பொட்டலத்தைத் தொடையோடு ஒட்டவைத்து, மென்று முடிக்காமலே விறைப்பாக நின்றாள். சட்னி சுடிதாரில் ஒழுகியது. அசையவில்லை. நல்லா பழக்கியிருக்கிறார்கள்.

ரயில் நகரும்போது சொன்னாள், "மாமா, அந்த மைக் விஷயத்த அம்மாட்ட முடிச்சிருங்க."

அது அவளிடமிருந்து எனக்கு வந்த முதல் ஆர்டர். வருகிற ஞாயிறு சபைக்கு வருகிறேன். வீட்டுக்கு இல்லை, சபைக்கு.

எலியேசர்


ராஜபாளையம்
15.10.2024

அண்ணனுக்கு,

நீங்கள் மைக்கில் பேசியதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். "சொன்ன சொல்லுல தப்பில்ல. சொன்ன எடந்தான் தப்பு. லெப்டினன்ட் ரெனிட்டா மேடத்துட்டயும், அவிய அம்மாட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிடுதேன்" என்றீர்கள். யாரும் சிரிக்கவில்லை. சபை குரூப்பில் அந்தப் படத்தையும் எடுத்துவிட்டார்கள். காளீஸ்வரி மட்டும் இன்னும் அப்படித்தான் கேட்கிறாள், அவளுக்கு யார் சொன்னாலும் ஏறாது.

நீங்கள் பாதி மன்னிப்புக் கேட்டீர்கள். அதனால் நானும் பாதிதான் மன்னிக்க முடியும். வெளி கேட் வரைக்கும் வரலாம்.

மீதிப் பாதி உங்கள் கையில் இல்லை, என் கையிலும் இல்லை. அங்கே அவள் சொன்னால் ஆட்கள் எழுந்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்டால் "எல்லாம் நல்லாருக்கும்மா" என்கிறாள். அதை எப்படி நம்புவது? ஹாஸ்டலில் மஞ்சள் காமாலை வந்தபோதும் அதைத்தான் சொன்னாள்.

செல்லத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.12.2024

தங்கச்சிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். யோகேஸ்வரியிடம் பால்கோவா கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நானே கொண்டுவரலாம் என்று நினைத்தேன். கேட்டில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்புவதற்கு பஸ் ஏற மனசு வரவில்லை. உன் மதினி முறுக்கும் வைத்திருக்கிறாள்.

ரெனிட்டாவுக்கு அந்த மலைக் குளிர் எப்படி இருக்கிறதாம்? கால் விரலுக்கு இரட்டைச் சாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், ஆபீசருக்கு நான் சாக்ஸ் பற்றிச் சொல்லக் கூடாது.

எலியேசர்


ராஜபாளையம்
27.12.2024

அண்ணனுக்கு,

டப்பாவைக் கழுவி அனுப்பியிருக்கிறேன். உள்ளே முந்திரிக்கொத்து. மதினிக்கு.

சாக்ஸ் விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் சொன்னதாகச் சொல்லவில்லை. "மாமா சொன்னாவளா?" என்று அவளே கேட்டாள்.

செல்லத்தாய்


ராஜபாளையம்
11.3.2025

அண்ணே,

நேற்று வீட்டுக்கு ஒரு பையன் வந்தான். வினோத் என்று பேர், செட்டியார்பட்டிக்காரன். ரெனிட்டாவின் யூனிட்டில் டெலிபோன் லைன் போடுகிற சிப்பாய். தன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்தவனிடம் எனக்கு ஒரு சால்வையும் உலர்ந்த பழமும் கொடுத்துவிட்டிருக்கிறாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். எது கேட்டாலும் "ஆமாம்மா", "சரிம்மா". மேடம் எப்படி இருக்கிறாள் என்றால் "நல்லாருக்காவம்மா". இவனும் மறைக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

காப்பி போட உள்ளே போனேன். அவனுக்குப் போன் வந்தது. பேச வெளியே போனவன் அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே போய் நின்றான். கூட வேலை பார்க்கிறவன் போலிருக்கிறது. "ஆமாலே, அவிய வீட்லதான் இருக்கேன். அவிய அம்மா காப்பி போடுதாவ" என்றான். அவிய என்பதற்கு முன்னால் ஒரு பேர் சொன்னான். ரெனிட்டா இல்லை, மேடம் இல்லை. வேறு பேர்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

காப்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "அந்தப் பேரு எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். அவன் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டான். நீ மண்டபத்தில் நின்ற மாதிரியே. அன்றைக்கு அது மரம் மாதிரித் தெரிந்தது, நேற்று அப்படித் தெரியவில்லை. உட்காரச் சொல்லி, கோபம் இல்லை என்று சொல்லி, இரண்டாவது தம்ளர் ஊற்றிய பிறகுதான் வாய் திறந்தான்.

மழையில் மலை மேலே லைன் அறுந்துவிட்டதாம். ரெனிட்டா ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேப்பைப் பார்த்து ஏறியிருக்கிறாள். பாதி நாள் ஏறி உச்சிக்குப் போனால், அது வேறு மலை. கூட இருந்த ஹவில்தார் அவளுக்காகப் பேசியிருக்கிறார், மேப் பழசு மேடம் என்று. அவள் மேப்பை மடித்து வைத்துவிட்டு, "மேப் சரியாத்தான் இருக்கு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். மன்னிச்சிருங்க" என்றாளாம். கேபிள் சுற்றின உருளையைத் தூக்கி வந்தவனிடமிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை. இறங்கி, சரியான மலையில் ஏறி, லைன் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அதிலிருந்து வந்த பேர் அது. என்னிடம் போனில் அன்றைக்குச் சொன்னது, "நல்ல மழைம்மா", அவ்வளவுதான்.

நான் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன். "அவ சொன்னா கேக்கீகளாய்யா?"

"பேரு வைக்காத ஆபீசர் சொன்னாலும் கேப்போம்மா, ஆர்டர்லா" என்றான். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "இவிய சொன்னா, சொல்லி முடிக்கதுக்குள்ள எந்திரிச்சிருவோம்."

நீ சொன்னது சரி என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் அவளோடு மலையில் ஏறி இறங்கிவிட்டு வைத்த பேர் அது. நீ ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டு வைத்தாய். ஆனால் நான் பயந்தது வேறு, அங்கே நடக்கிறது வேறு. அதை எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

மேடத்திடம் சொல்லிவிட வேண்டாம், அவர்களுக்கு இது தெரியாது என்று கெஞ்சிவிட்டுப் போனான். ராத்திரி ரெனிட்டா போன் செய்தாள். வினோத் வந்தானா, என்ன சொன்னான் என்றாள். பார்சல் கொடுத்தான், காப்பி குடித்தான் என்றேன். "வேற ஒண்ணும் சொல்லலியேம்மா?" என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவளுக்குத் தெரியும் அண்ணே. என்னை மாதிரியே அவளும் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிறாள். நானும் தெரியாத மாதிரியே இருந்துகொள்கிறேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதினியோடு சாப்பிட வா. கேட்டில் நிற்காமல் உள்ளே வா. வந்ததும் அந்தப் பேர் என்ன என்றுதான் முதலில் கேட்பாய். சொல்ல மாட்டேன். உன் கையில் எப்போது மைக் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அவன் போன பிறகு வீட்டில் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அந்தப் பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

உன் தங்கச்சி
செல்லத்தாய்